கள்ளுத் தோப்பில் வேலை, மலையாளத்தில் கூட்டம்: நான் எங்கே போவது?

கேள்வி: எனக்கு 44 வயது. கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கணக்கும் மேற்பார்வையும் நான்தான். பல வருஷக் குடி. முதலில் கள்ளு, பிறகு பிராந்தியும் சேர்ந்துகொண்டது. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போன மாதம் வீட்டுக்கு வந்தேன். அனுப்பும்போது டாக்டர், "பக்கத்தில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு) கூட்டம் எங்கே நடக்கிறது என்று பார்த்து விடாமல் போங்கள்" என்றார். பாலக்காட்டில் நடக்கிறது என்கிறார்கள், ஆனால் மலையாளத்தில். மலையாளம் எனக்குத் தெரியும், மனதில் இருப்பதைச் சொல்லும் அளவுக்கு வராது. அதுவும் சர்ச் ஹாலில். நான் கட்சிக்காரன், சாமி கும்பிடுவதில்லை. ஊரில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. மனைவியையும் ஏதோ கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள். "குடித்தது நீங்கள், நான் எதற்கு?" என்கிறாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதாதா?
– பெயர் வேண்டாம், பாலக்காடு மாவட்டம்

பதில்:

போதாது. இந்த வாரமே பாலக்காட்டுக் கூட்டத்துக்குப் போய்விடுங்கள். தமிழ்க் கூட்டத்தை அதற்குப் பிறகு தேடலாம். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

மூன்று வார சிகிச்சை உங்கள் உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கியிருக்கிறது. கை நடுக்கமும் தூக்கமின்மையும் ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் சாயந்தரம் ஆறு மணிக்கு என்ன செய்வது என்று எந்த மாத்திரையும் சொல்லித் தராது. பல வருஷமாக அந்த நேரத்துக்கு உங்களிடம் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஆலோசகர்களான எங்களிடம் திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போன முதல் மூன்று மாதத்துக்குள் வருகிறார்கள். நீங்கள் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள். தமிழ்க் கூட்டம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

கூட்டத்துக்குப் போனால் நிஜமாகவே பலன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கட்சிக்காரர் என்பதால் மனதில் அந்தக் கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன். 2020-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. முறையாக ஏ.ஏ.வோடு இணைக்கப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை, பாதிக்கு மேல் தவறியும் இருக்கிறார்கள். ஆனாலும் காசு வாங்காத, மருந்து எழுதாத, படித்த நிபுணர் யாரும் நடத்தாத ஒரு கூட்டத்துக்கு இது பெரிய கணக்கு. தொழில்முறையில் ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான கணக்கும்கூட.

சரி, சர்ச் விஷயம். ஏ.ஏ. கூட்டங்கள் பல இடங்களில் சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட அறையிலோ நடப்பதற்குக் காரணம் வாடகைதான். அந்த இடங்கள் குறைந்த காசுக்குக் கிடைக்கும், சாயந்தரம் காலியாக இருக்கும். சர்ச்சுக்கும் கூட்டத்துக்கும் வேறு தொடர்பு கிடையாது. ஏ.ஏ. எந்த மதத்தையும், எந்தக் கட்சியையும், எந்த ஆஸ்பத்திரியையும் சேர்ந்தது இல்லை. வெளியாரிடம் நன்கொடையும் வாங்குவதில்லை. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள், டீயும் வாடகையும் அதில் நடக்கும். புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டாம். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

ஏ.ஏ.வின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். கூடவே "நாம் புரிந்துகொண்டபடியான" என்ற அடைமொழியும் வருகிறது. சாமி கும்பிடாத பல உறுப்பினர்கள், தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்கு அந்தக் கூட்டத்தையே வைத்துக்கொள்கிறார்கள். தனி ஆளால் முடியாததைச் சங்கமாகச் சேர்ந்து செய்யலாம் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன? பிரார்த்தனை சொல்லும்போது பேசாமல் நில்லுங்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இனி மொழி. உங்கள் தயக்கம் நியாயமானது. வெட்கத்தையும் குற்ற உணர்வையும் சொல்ல அம்மாவிடம் பேசிய மொழிதான் வேண்டும். ஆனால் முதல் சில வாரங்களில் நீங்கள் பேசவே வேண்டியதில்லை. உங்கள் முறை வரும்போது, "இன்றைக்குக் கேட்க வந்திருக்கிறேன்" என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். கேட்பதற்கு உங்கள் மலையாளம் தாராளமாகப் போதும். ஒருவர் எழுந்து, பிள்ளையின் ஸ்கூல் பீஸை கள்ளு ஷாப்பில் கொடுத்துவிட்டு வீட்டில் பர்ஸ் தொலைந்தது என்று சொன்ன கதையைச் சொல்வார். அதை எந்த மொழியில் சொன்னாலும் உங்களுக்குப் புரியும், ஏனென்றால் அந்த மாதிரி ஒன்று உங்களிடமும் இருக்கும். அப்புறம், பாலக்காட்டில் ஒரு கூட்டத்தில் தமிழில் பேசினால் புரியாமல் போகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். "தமிழில் சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ்க் கூட்டத்துக்கு வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறினால் கோயம்புத்தூர் போய்விடலாம். அங்கே தமிழில் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. மாதத்துக்கு இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமையில் அங்கே போங்கள். மனதைக் கொட்டுவது அங்கே இருக்கட்டும், வாரா வாரம் போய் உட்காருவது பாலக்காட்டில் இருக்கட்டும். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சியும் பக்கம்தான், அங்கேயும் விசாரியுங்கள். போனில் சேர்ந்துகொள்ளும் தமிழ்க் கூட்டங்களும் உண்டு. வெளியே போக முடியாத மழை நாளுக்கு அது நல்லது. ஆனால் அதையே முழு ஏற்பாடாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். போனை அணைப்பது மிகவும் சுலபம்.

எல்லையில் இருப்பவர்களுக்குக் குடி விஷயத்தில் ஒரு தனிச் சங்கடம் உண்டு என்று உங்களுக்கே தெரியும். கேரளத்தில் ஒன்றாம் தேதி பெவ்கோ (அரசு மதுக்கடை) மூடியிருந்தால் அந்தப் பக்கம் டாஸ்மாக் திறந்திருக்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, அதனால் கள்ளுக்காக அங்கிருந்து இங்கே வருகிறார்கள். இப்படி இரண்டு சர்க்காரையும் குடிக்கப் பயன்படுத்தியவர், நிறுத்துவதற்கும் இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளலாமே. கேரள எக்சைஸ் (கலால்) துறையின் விமுக்தி என்ற போதை ஒழிப்புத் திட்டத்துக்கு 14405 என்ற இலவச எண் உண்டு. எக்சைஸ் என்றதும் தோப்பில் இருப்பவர்களுக்குப் பயம் வரும். இது சோதனைக்கு வரும் பிரிவு இல்லை. ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் வழி சொல்வதற்கு. மத்திய அரசின் போதை மீட்பு எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ், 14416. அதில் தமிழிலேயே பேசலாம், இரவு எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.

ஆனால் எனக்குக் கேட்டால், முதல் போன் நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரி கவுன்சிலருக்குத்தான். போதை சிகிச்சை வார்டுகள் பலவற்றுக்கு ஏ.ஏ. உறுப்பினர்கள் வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். வந்து போனவர்களின் எண் அவரிடம் இருக்கும், அவர்களில் பாலக்காட்டுக்காரர் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. அடுத்து, மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குழு தாலுகா, சமூக சுகாதார மையங்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வரும். உங்கள் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில் எந்த நாள் என்று கேட்டால் சொல்வார்கள். அந்தக் குழுவின் சோஷியல் வொர்க்கருக்கு உங்கள் பகுதியில் எது நடக்கிறது, எது நின்றுபோனது என்பதெல்லாம் தெரியும்.

நின்றுபோனது என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டங்களின் பட்டியல் பழசாகிவிடும். ஹால் மாறும், நாள் மாறும், நடத்தியவர் ஊர் மாறுவார். பட்டியலை நம்பி இரண்டு பஸ் ஏறிப் போனால் பூட்டு தொங்கும். அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு நேரே ஷாப்புக்குப் போனவர்கள் உண்டு. அதனால் போனில் "கூட்டம் உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். போன வாரம் நடந்ததா, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எல்லாரும் வரக்கூடிய ஓபன் மீட்டிங்கா அல்லது குடிநோயாளிகளுக்கு மட்டுமான க்ளோஸ்டு மீட்டிங்கா என்று கேளுங்கள். ஓபன் என்றால் மனைவியோ அண்ணனோ கூட வரலாம். கடைசியாக, "எனக்கு இது முதல் முறை, யாராவது பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். புதியவரைக் கூட்டிக்கொண்டு வருவது அவர்களுக்கு உபகாரம் இல்லை, அவர்களுடைய சொந்த மருந்து.

அந்த அமைப்பு பிறந்ததே அப்படித்தான். 1935-ல் பில் வில்சன் என்ற பங்குத் தரகர், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆன நிலையில், அமெரிக்காவில் ஏக்ரான் என்ற ஊரில் வியாபாரம் கைவிட்டுப் போய் ஹோட்டலில் தனியாக நின்றார். ஒரு பக்கம் பார் சத்தம். உள்ளே போகாமல், அங்கே மாட்டியிருந்த சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்துப் போன் போடத் தொடங்கினார். அவர் தேடியது பாதிரியாரை இல்லை, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரை. ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டு, பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கூட்டம் எங்கே என்று நீங்கள் இப்போது விசாரிப்பதும் அதே வேலைதான்.

யாராவது பார்த்துவிட்டால்? பார்ப்பார்கள். உங்களைக் கூட்டத்தில் பார்க்கிறவரும் அதே காரணத்துக்காக அங்கே வந்தவர்தான். அங்கே பேசியதை வெளியே பேசக் கூடாது என்பது அவர்களுடைய முதல் ஒழுங்கு, முழுப் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கள்ளுக்கடை வாசலில் உங்களைப் பார்த்த ஊர், நீங்கள் பாலக்காடு பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துத் திகைக்கப் போவதில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் வேலை. கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். சித்தூர் தாலுகாத் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள்ளு போகிறது. காலையும் மாலையும் இறக்கி, அளந்து, வண்டியில் ஏற்றுவது உங்கள் கண் முன்னால் என்றால், கணக்கு எழுதும் கை அந்த வாசனையிலேயே இருக்கிறது. வேலையை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அது பேச்சுக்குத்தான் சுலபம். முதலாளியிடம் பேசி, ஆறு மாதத்துக்காவது கள்ளு அளக்கும் இடத்திலிருந்து தேங்காய், கொப்பரைப் பக்கம் மாற்றிக் கேளுங்கள். முடியாது என்றால் மாலை அளவுக்கு மட்டுமாவது வேறு ஆளை நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தை அவரிடம் மறைக்க வேண்டாம். மூன்று வாரம் எங்கே போயிருந்தீர்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"பிராந்தியை விட்டாயிற்று, கள்ளு மட்டும் ஒரு கிளாஸ்" என்று தோப்பில் யாராவது நீட்டுவார்கள். மரத்திலிருந்து இறங்குவது, உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். புளித்த கள்ளில் 5 முதல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். 6 என்றே வைத்துக்கொள்வோம். 650 மில்லி பாட்டில் இரண்டில் 78 மில்லி. 180 மில்லி பிராந்திக் குவார்ட்டரில் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி. நீங்கள் கணக்குப் பார்க்கிறவர், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம். அரிஷ்டமும் அப்படித்தான். நொதித்துத் தானாக ஆல்கஹால் உண்டாகும் மருந்து அது. ஜீரணத்துக்கு என்று வாங்கிக் குடித்துப் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தவர்களை எல்லைக் கடைகளில் நிறையப் பார்க்கலாம்.

நீங்கள் போடும் மாத்திரை எது என்று எழுதவில்லை. டைசல்ஃபிரம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அது குடி ஆசையைக் குறைக்கும் மருந்து இல்லை. குடித்தால் உடம்பு அதைச் செரிக்க முடியாமல் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த வேகம் உடம்பில் இருக்கும். கள்ளு ஊற்றிப் புளிக்கவைத்த அப்பம், கள்ளு வினிகர், சில இருமல் டானிக் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத் தொடுங்கள். இந்த மாத்திரையை உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு தந்தார்கள் என்று நம்புகிறேன். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்து விற்கும் பொடிகளை வாங்கும் வீடுகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அது மிகவும் ஆபத்தான வேலை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒருவேளை தவறிக் குடித்துவிட்டால், மறுநாள் கூட்டத்துக்குப் போங்கள். யாரும் துரத்த மாட்டார்கள், உங்களைப் போல் தவறி எழுந்தவர்கள்தான் அங்கே பாதிப்பேர். ஆனால் தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு திடீரென்று நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாததைப் பார்ப்பதும் பிதற்றுவதுமாக ஆகலாம், அதில் உயிர் போனவர்கள் உண்டு. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அப்படியொரு நிலையில் வீட்டார் பதறி, "வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம், மூன்று மாதம் அடைத்து வைத்துத் திருத்தித் தருகிறோம்" என்று சொல்லும் இடத்துக்குப் போன் போட்டுவிடக் கூடாது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்படி உள்நோயாளியாகச் சேர்க்கும் இடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றும் மனநல டாக்டரும் உண்டா என்று பார்க்காமல் யாரையும் சேர்க்க வேண்டாம். இதை இப்போதே, நிதானமாக இருக்கும்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலேயே தமிழில் ஒரு கூட்டம் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே ஒரு குழு என்பது ஏ.ஏ.வின் வழக்கம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு மணி நேரம் அறை கேட்டால் கொடுப்பார்கள். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் தமிழ் பேசுகிறவர்கள்தானே, ஆள் கிடைக்காமல் போகாது. ஆனால் இப்போது வேண்டாம். ஒரு வருஷம் மற்றவர்கள் நடத்தும் கூட்டத்தில் உட்கார்ந்து, ஸ்பான்சர் என்று ஒரு மூத்தவரைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குடி நின்று இரண்டு மாதமே ஆனவர் ஊரைத் திருத்தக் கிளம்பினால் என்ன ஆகும் என்று அந்த மூத்தவரே கதை கதையாகச் சொல்வார்.

உங்கள் மனைவிக்கு. அம்மா, உங்களைப் போகச் சொன்னது அல்-அனான் என்ற, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான கூட்டத்துக்கு. குடித்தவரைத் திருத்த உங்களை அங்கே அனுப்பவில்லை. பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர் குடியை நிறுத்திய பிறகு, "கூட்டம், கூட்டம் என்றே இருக்கிறாயே" என்று ஷூவைத் தூக்கி வீசியிருக்கிறார். குடி நின்ற பிறகு ஏன் இவ்வளவு கோபம் என்று அவருக்கே புரியவில்லை. கணவர்கள் உள்ளே கூட்டத்தில் இருக்க, வெளியே காத்திருந்த மனைவிகள் தங்களுக்குள் பேசத் தொடங்கியதுதான் 1951-ல் அல்-அனான் என்று ஆனது. உங்களிடமும் பல வருஷத்துக் கோபம் இருக்கும். அவர் பஸ் ஏறிப் போன சாயந்தரம் "எங்கே போனாரோ" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கமும் இருக்கும். அதைப் பேசுவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். பாலக்காட்டில் ஓபன் மீட்டிங் இருக்கும் நாளில் ஒரு தடவை அவரோடு போய் வாருங்கள், அங்கே மற்ற மனைவிகளிடம் கேட்டுக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதற்காக அவர் குடிக்கத் தொடங்கினால் அது உங்கள் தப்பு ஆகாது.

போகும் நாளில் திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் இருவரும்.